மனச்சான்றின் மறைசாட்சி புனித தாமஸ் மூர்



ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 22ஆம் நாள் நமது திருவழிபாட்டு நாள்காட்டியில் இரண்டு பெயர்கள் சேர்ந்தே வருகின்றன. ஒருவர் ஆயரான புனித ஜான் பிஷர். மற்றவர் பொதுநிலையினரான புனித தாமஸ் மூர். பெரும்பாலும் வாரநாளில் வருவதால், காலைத் திருப்பலிக்கு வரும் சிலர் மட்டுமே இந்தப் பெயர்களைக் கேட்கிறார்கள். அடுத்த நாள் மறந்தும் போகிறோம். ஆனால் குடும்பம் நடத்துகிறவர்களுக்கும், அலுவலகங்களில் கோப்புகளோடு போராடுகிறவர்களுக்கும் தாமஸ் மூரைப் போல நெருக்கமான புனிதர்கள் மிகச் சிலரே. அவர் வழக்கறிஞர், நீதிபதி, எழுத்தாளர், நான்கு பிள்ளைகளின் தந்தை. இங்கிலாந்து நாட்டில் அரசருக்கு அடுத்த பதவியில் அமர்ந்தவர். அதே அரசரின் ஆணையால் தலை வெட்டப்பட்டவர்.

மேலைநாட்டு நாகரிகம் எதன்மேல் கட்டப்பட்டது என்று கேட்டால், அறிஞர்கள் மூன்று அடித்தளங்களைச் சொல்வார்கள். கிரேக்கரின் அறிவுத் தேடல், உரோமையரின் சட்டம், நற்செய்தியின் நம்பிக்கை. இந்த மூன்றும் ஒரே மனிதரிடம் ஒன்றுசேர்ந்து, பின்பு நெருப்பில் இட்ட பொன்னைப் போலச் சோதிக்கப்பட்ட வரலாறுதான் தாமஸ் மூரின் வரலாறு.

இலண்டன் நகரச் சிறுவன்

1478ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் இலண்டன் நகரில் மில்க் தெருவில் தாமஸ் பிறந்தார். தந்தை ஜான் மூர் வழக்கறிஞர், பின்னாளில் நீதிபதி ஆனவர். ஏறக்குறைய 12 வயதில் தாமஸ், கான்டர்பரி பேராயர் ஜான் மோர்ட்டன் இல்லத்தில் ஏவலராகச் சேர்க்கப்பட்டார். அந்தக் காலத்தில் பெரியவர்கள் வீட்டில் பணிவிடை செய்துகொண்டே உலகத்தைக் கற்றுக்கொள்வது வழக்கம். கிறிஸ்து பிறப்புக் காலத்தில் அங்கே நாடகம் நடக்கும்போது, சிறுவன் தாமஸ் திடீரென்று நடிகர்கள் நடுவே புகுந்து, தானே ஒரு வேடத்தை உருவாக்கி நடித்து எல்லாரையும் சிரிக்க வைப்பாராம். இந்தப் பையன் பெரிய ஆளாக வருவான் என்று பேராயர் விருந்தினரிடம் சொல்வது உண்டாம். அந்த நகைச்சுவை அவரைக் கொலைக்களம் வரை விட்டுப் பிரியவில்லை.

பேராயரின் உதவியால் ஆக்ஸ்போர்டில் படித்தார். தந்தையின் விருப்பப்படி இரண்டு ஆண்டுகளில் அங்கிருந்து திரும்பி, 1496இல் இலண்டன் லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கல்விக்கூடத்தில் சேர்ந்தார். ஆனால் மனம் சட்டத்தோடு நிற்கவில்லை. அக்காலத்தில் இத்தாலியிலிருந்து வடக்கே பரவிக்கொண்டிருந்த கிரேக்கக் கல்வி அவரை ஈர்த்தது. இத்தாலி சென்று கற்றுவந்த குரோசின், லினக்கர் ஆகியோரிடம் கிரேக்கம் பயின்றார். 1499இல் டச்சு நாட்டு அறிஞர் எராஸ்மஸ் இங்கிலாந்து வந்தபோது தொடங்கிய நட்பு சாகும்வரை நீடித்தது. எராஸ்மஸ் தமது புகழ்பெற்ற அங்கத நூலான மடமையின் புகழ்ச்சியை எழுதியது மூரின் வீட்டில் தங்கியிருந்தபோதுதான்.

1501ஆம் ஆண்டளவில், ஏறக்குறைய 23 வயது இளைஞரான மூர், இலண்டன் புனித லாரன்ஸ் ஆலயத்தில் புனித அகுஸ்தினாரின் கடவுளின் நகரம் என்னும் நூலைப் பற்றித் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். கி.பி. 410இல் விசிகோத் படைகள் உரோமை நகரைச் சூறையாடியபோது, உலகமே முடிந்துவிட்டது என்று மக்கள் கலங்கினார்கள். அந்தக் கலக்கத்துக்கு விடையாக அகுஸ்தினார் எழுதிய நூல் அது. மனிதர் கட்டும் நகரங்கள் எழும், விழும். எந்தப் பேரரசும் கடவுளின் இடத்தைப் பிடிக்க முடியாது. இதைத்தான் அவர் 22 பகுதிகளில் விளக்கினார். இந்த உண்மையை இளமையில் மேடையில் நின்று பேசிய மூர், 34 ஆண்டுகள் கழித்து அதற்காகவே உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது.

துறவறமா? இல்லறமா?

சட்டம் படித்த அந்த நாள்களில் அவர் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் இலண்டன் கார்த்தூசியன் துறவிகளோடு, வார்த்தைப்பாடு கொடுக்காமல், அவர்களது செப வாழ்வில் பங்கெடுத்தார். துறவியாக வேண்டுமா, இல்லறத்தில் இறங்க வேண்டுமா என்ற போராட்டம் அவருக்குள் நீண்ட காலம் நடந்தது. இறுதியில் இல்லறமே தமக்குக் கடவுள் தந்த அழைப்பு என்று தெளிந்தார். ஆனாலும் அந்த மடத்தில் கற்ற செபத்தையும் ஒறுத்தலையும் விடவில்லை. பட்டாடைக்கு உள்ளே உடலை உறுத்தும் முரட்டு மயிர்ச் சட்டையை அணிந்திருந்தார். இது மூத்த மகள் மார்கரெட் போன்ற ஓரிருவருக்கே தெரியும்.

1505இல் ஜேன் கோல்ட் என்னும் பெண்ணை மணந்தார். மார்கரெட், எலிசபெத், செசிலி, ஜான் என்று நான்கு பிள்ளைகள். 1511இல் ஜேன் இறந்துவிட்டார். சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவித்த மூர், விரைவிலேயே ஆலிஸ் மிடில்டன் என்னும் கைம்பெண்ணை மணந்தார். ஆலிஸ் வெளிப்படையாகப் பேசுகிற, வீட்டைத் திறமையாக நடத்துகிற பெண்மணி.

பெண்களுக்கு எதற்குப் படிப்பு என்று உலகம் கேட்ட காலத்தில், மூர் தம் மகள்களுக்கும் மகனுக்கும் ஒரே கல்வியைக் கொடுத்தார். இலத்தீன், கிரேக்கம், தர்க்கம், கணிதம், வானியல் என்று வீட்டிலேயே பள்ளி நடந்தது. அவர் வெளியூர் சென்றால் பிள்ளைகள் நாள்தோறும் இலத்தீனில் கடிதம் எழுத வேண்டும். கிறிஸ்து கற்பித்த செபத்தைப் பற்றி எராஸ்மஸ் எழுதிய விளக்கத்தை மார்கரெட் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அது அச்சிலும் வந்தது. படித்த மகள் தந்தைக்குப் பெருமை மட்டுமல்ல, கடைசிக் காலத்தில் துணையுமானார்.

இல்லாத ஊரின் கதை

1516இல் பெல்ஜிய நாட்டு லூவேன் நகரில் மூரின் உத்தோப்பியா என்னும் இலத்தீன் நூல் வெளியானது. அதே ஆண்டில்தான் எராஸ்மஸ் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்டார். உத்தோப்பியா என்ற கிரேக்கச் சொல்லை உருவாக்கியவர் மூர்தான். இல்லாத இடம் என்பது அதன் பொருள். ஒரு பயணி தாம் கண்ட தீவைப் பற்றிச் சொல்வதுபோல நூல் அமைந்துள்ளது. அங்கே தனிச்சொத்து இல்லை. எல்லாரும் நாளுக்கு ஆறு மணி நேரம் உழைக்கிறார்கள். தங்கத்தைக் கழிவுப் பாத்திரம் செய்யவும், குற்றவாளிகளுக்கு விலங்கு செய்யவும் பயன்படுத்துகிறார்கள்!

நூலின் முதல் பகுதி இன்னும் கூர்மையானது. கம்பளி வணிகத்தில் ஆசை கொண்ட செல்வர்கள் விளைநிலங்களை வேலியிட்டு ஆட்டு மேய்ச்சல் நிலமாக்கினார்கள். உழவர்கள் நிலமிழந்து தெருவுக்கு வந்தார்கள். பசியால் திருடினார்கள். திருடியவர்களை அரசு தூக்கிலிட்டது. முதலில் திருடர்களை உருவாக்கிவிட்டு, பிறகு அவர்களையே தண்டிப்பது என்ன நீதி என்று அந்தப் பயணியின் வாயிலாக மூர் கேட்கிறார். அந்தத் தீவின் வழக்கங்கள் எல்லாவற்றையும் அவர் ஏற்றுக்கொண்டார் என்று கொள்ள முடியாது. ஆனால் ஏழைகளுக்காக அவர் எழுப்பிய கேள்வி 500 ஆண்டுகள் கடந்தும் நம்மைத் தொடுகிறது.

கை நீட்டாத நீதிபதி

1518க்குள் அவர் அரசர் எட்டாம் ஹென்றியின் பணியில் சேர்ந்துவிட்டார். 1523இல் நாடாளுமன்ற மக்களவையின் சபாநாயகர் ஆனபோது, உறுப்பினர்கள் அச்சமின்றி மனத்தில் பட்டதைப் பேச அனுமதிக்க வேண்டும் என்று அரசரிடம் விண்ணப்பித்தார். 1529 அக்டோபரில் நாட்டின் லார்டு சான்சலராக உயர்த்தப்பட்டார். நீதித்துறையின் உச்சமும் அரசரின் முதன்மை ஆலோசகரும் அவரே. அவருக்கு முன் பெரும்பாலும் ஆயர்களும் கர்தினால்களும் அமர்ந்த நாற்காலி அது.

அவர் நீதிமன்றத்தைப் பற்றிப் பல நிகழ்வுகள் சொல்லப்படுகின்றன. வழக்கில் வென்ற ஒரு பெண்மணி புத்தாண்டுப் பரிசாக ஒரு சோடி கையுறைகளைக் கொண்டுவந்தார். அதற்குள் 40 பவுண்டு பணம் இருந்தது. பெண்மணியின் மனம் நோகக் கூடாதென்று கையுறைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பணத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாராம். திருச்சபையைக் காத்து அவர் எழுதிய நூல்களுக்காக ஆயர்கள் சேர்த்துக் கொடுத்த பெருந்தொகையையும் அவர் தொடவில்லை.

இன்னொன்று நம் ஊர்ப் பெற்றோருக்கு மிகவும் பிடிக்கும். நாட்டின் தலைமை நீதிபதியாகத் தமது மன்றத்துக்குப் போகும் வழியில், இன்னொரு மன்றத்தில் வயதான தந்தை நீதிபதியாக அமர்ந்திருப்பதைக் கண்டால், எல்லார் முன்னிலையிலும் முழந்தாளிட்டு அவரிடம் ஆசி பெற்ற பிறகே மூர் செல்வாராம். செல்சீ பங்கு ஆலயத்தில் பாடகர் குழுவோடு நின்று பாடுவார். அந்த ஊரில் ஏழைகளுக்கும் முதியோருக்கும் என்றே ஒரு வீட்டை ஏற்படுத்தியிருந்தார்.

ஒரு நிழலும் உண்டு

புனிதரின் வரலாற்றில் இருளான பக்கத்தை மறைப்பது உண்மைக்கு அழகல்ல. அவர் சான்சலராக இருந்த காலத்தில், திருச்சபைப் போதனைக்கு மாறாகப் போனதாகத் தீர்ப்பிடப்பட்ட ஆறு பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அந்தச் சட்டம் சரியானது என்றே மூர் நம்பினார். மாற்றுக் கருத்தாளருக்கு எதிராகக் கடுமையான சொற்களில் எழுதினார். நாட்டின் அமைதியும் ஆன்மாக்களின் மீட்பும் இதில் அடங்கியிருக்கின்றன என்பது அந்தக் காலத்தின் எண்ணம். அவரும் அந்தக் காலத்தின் பிள்ளைதான். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், நம்பிக்கையில் எவரையும் வற்புறுத்தக் கூடாது என்று சமய உரிமை பற்றிய ஏட்டில் தெளிவாக்கியது. 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், உண்மையின் பெயரால் திருச்சபையின் பிள்ளைகள் செய்த வன்முறைகளுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். பிறர் மனச்சான்றுக்கு அன்று கிடைக்காத மதிப்பை, பின்னர் தமது மனச்சான்றுக்காக மூரே கேட்க வேண்டி வந்தது. புனிதர்களும் குறையுள்ள மனிதர்களே என்பதை இது நமக்கு நினைவூட்டுகிறது.

அரசரின் பெரிய விவகாரம்

ஹென்றி 1509இல் தம் அண்ணன் ஆர்தரின் கைம்பெண்ணான கேத்தரினைத் திருத்தந்தையின் சிறப்பு அனுமதியோடு மணந்திருந்தார். பிழைத்த குழந்தை மேரி என்ற மகள் மட்டுமே. ஆண் வாரிசு வேண்டும் என்ற கவலையும், ஆன் பொலின்மீது கொண்ட ஆசையும் சேர்ந்து, முதல் திருமணம் செல்லாது என்று அறிவிக்கும்படி உரோமையை வற்புறுத்தினார். திருத்தந்தை ஏழாம் கிளமென்ட் இசையவில்லை. அரசர் நாட்டின் திருச்சபையையே தம் கைக்குள் கொண்டுவரத் தொடங்கினார். 1532 மே 15 அன்று ஆயர்களும் குருக்களும் அரசருக்குப் பணிந்தார்கள். அடுத்த நாளே மூர் பதவி விலகினார்.

வருமானம் சுருங்கியது. பிள்ளைகளையும் மருமக்களையும் கூட்டி உட்கார வைத்து, இனி எளிய சாப்பாட்டுக்குப் பழகுவோம், அதற்கும் வழியில்லாமல் போனால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக நின்று அரசியே வாழ்க என்னும் மரியன்னை பாடலைப் பாடிப் பிச்சை எடுப்போம், அப்போதும் ஒன்றாகவே மகிழ்ச்சியாக இருப்போம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். 1533 ஜூன் முதல் நாள் ஆன் பொலினின் முடிசூட்டு விழாவுக்கு அவர் போகவில்லை. அந்தக் காலியான இருக்கையை அரசர் மறக்கவில்லை.

1534இல் வாரிசுரிமைச் சட்டம் வந்தது. ஆன் பொலினின் பிள்ளைகளே வாரிசு என்று குடிமக்கள் சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும். யார் வாரிசு என்று முடிவுசெய்ய நாடாளுமன்றத்துக்கு உரிமை உண்டு, அதை ஏற்கத் தயார் என்றார் மூர். ஆனால் பிரமாணத்தின் வாசகம் கேத்தரினின் திருமணத்தை மறுத்தது, திருத்தந்தையின் அதிகாரத்தையும் தள்ளியது. ஏப்ரல் 13 அன்று லாம்பெத் மாளிகையில் அதைச் சொல்ல மறுத்தார். பிரமாணம் செய்தவர்களை அவர் குறை கூறவில்லை. தம் மனச்சான்று இடம் தரவில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார். ஏப்ரல் 17 அன்று இலண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். ஆயர்களில் மறுத்தவர் ஜான் பிஷர் ஒருவரே.

சிறையில் ஒரு தந்தை

சிறையை விடக் கொடியது உறவுகளின் கண்ணீர். உயிரினும் மேலாக நேசித்த மார்கரெட் வந்தார். அவரே பிரமாணம் செய்திருந்தார். எத்தனையோ படித்தவர்களும் ஆயர்களும் செய்ததை நீங்கள் மட்டும் ஏன் செய்யக் கூடாது என்று கெஞ்சினார். மனைவி ஆலிஸ் வந்து, அழகான வீடும் நூலகமும் தோட்டமும் பிள்ளைகளும் காத்திருக்க, இங்கே எலிகளோடு படுத்துக் கிடப்பது என்ன புத்தி என்று கடிந்துகொண்டார். இந்த அறையும் நம் வீட்டைப் போலவே விண்ணகத்துக்கு அருகில்தானே இருக்கிறது என்று அவர் அமைதியாகக் கேட்டாராம்.

அவர் அஞ்சாத வீரர் அல்லர். வலியை எண்ணி நடுங்கியதை மகளுக்கு மறைக்காமல் எழுதினார். சாவைத் தேடிப் போகவும் இல்லை. சட்டம் தெரிந்தவர் என்பதால், மௌனமாக இருந்து, சட்டம் தரும் எல்லாப் பாதுகாப்பையும் பயன்படுத்தினார். கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் இயேசு அடைந்த துயரத்தைப் பற்றி அந்தச் சிறையில் எழுதிய நூலில், அஞ்சுவது பாவமல்ல, தலைவரே நமக்காக அஞ்சினார், அவர் மேலாடையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும் என்ற பொருளில் கோழைகளுக்கு ஆறுதல் தருகிறார். அவர் கைப்பட எழுதிய அந்தப் பிரதி ஸ்பெயின் நாட்டு வலென்சியா நகரில் பாதுகாக்கப்பட்டு, 1963இல் அடையாளம் காணப்பட்டது. 1535 ஜூன் மாதத்தில் புத்தகங்களும் எழுதுபொருள்களும் பறிக்கப்பட்டபோது, கரித்துண்டால் மகளுக்குக் கடிதம் எழுதினார்.

1535 மே 4 அன்று, இளமையில் தாம் சேர்ந்து செபித்த கார்த்தூசியன் சபையின் துறவிகள் சாவுக்கு இழுத்துச் செல்லப்படுவதைச் சன்னல் வழியே மார்கரெட்டோடு நின்று பார்த்தார். ஜூன் 22 அன்று ஆயர் பிஷர் கொல்லப்பட்டார். ஜூலை முதல் நாள் வெஸ்ட்மின்ஸ்டர் மன்றத்தில் மூர் விசாரிக்கப்பட்டார். ரிச்சர்டு ரிச் என்பவர், சிறையில் தம்மிடம் மூர் அரசரின் தலைமையை மறுத்துப் பேசியதாகச் சாட்சி சொன்னார். அது பொய்ச்சாட்சி என்று மூர் ஆணையிட்டு மறுத்தார். நடுவர்கள் கால்மணி நேரத்தில் குற்றவாளி என்றார்கள். அதற்குப் பிறகே மூர் வாய் திறந்தார். ஒரு நாட்டின் நாடாளுமன்றம் உலகளாவிய திருச்சபைக்கு எதிராகச் சட்டம் செய்ய இயலாது என்றும், திருச்சபையின் சுதந்திரத்துக்கு 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டாவே உறுதி தந்திருக்கிறது என்றும் வாதிட்டார். புனித ஸ்தேவானைக் கொல்ல உடன்பட்ட பவுலும் ஸ்தேவானும் இன்று விண்ணகத்தில் நண்பர்களாக இருப்பதுபோல, தமக்குச் சாவுத் தீர்ப்பிட்ட நீதிபதிகளும் தாமும் ஒருநாள் அங்கே மகிழ்ச்சியாகச் சந்திக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

சிறைக்குத் திரும்பும் வழியில், ஈட்டியும் கோடரியும் ஏந்திய காவலர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மார்கரெட் ஓடி வந்து தந்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். விலகிச் சென்றவர் தாங்க முடியாமல் மீண்டும் ஓடிவந்து முத்தமிட்டார். பார்த்தவர்கள் அழுதார்கள். சாவுக்கு முந்தின நாள், இத்தனை ஆண்டுகள் மறைத்து அணிந்த மயிர்ச் சட்டையை மகளுக்கே அனுப்பி வைத்தார்.

1535 ஜூலை 6. கொலைமேடையின் படிகள் ஆடின. ஏறுவதற்குக் கை கொடுங்கள், இறங்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அதிகாரியிடம் வேடிக்கையாகச் சொன்னார். சுருக்கமாகப் பேசும்படி அரசரின் கட்டளை. தமக்காகச் செபிக்கக் கேட்டார். தாம் அரசரின் ஊழியன், அதற்கு முன்பாகக் கடவுளின் ஊழியன் என்ற நிலையில் இறப்பதாக அறிவித்தார். ஒரே வெட்டில் எல்லாம் முடிந்தது. அவர் தலையை இலண்டன் பாலத்தில் கம்பத்தில் குத்தி வைத்தார்கள். மார்கரெட் அதை மீட்டுப் பாதுகாத்தார். கான்டர்பரி புனித டன்ஸ்டன் ஆலயத்தில் அது இருப்பதாக நம்பப்படுகிறது.

1886இல் அருளாளராகவும், 1935 மே 19இல் புனிதராகவும் அவர் உயர்த்தப்பட்டார். அதற்கு முந்தின ஆண்டில்தான் ஜெர்மனியில் படைவீரர்கள் ஹிட்லர் என்ற தனி மனிதர் பெயரால் சத்தியம் செய்ய வைக்கப்பட்டார்கள் என்பதை நினைத்தால், திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் இவரை உலகுக்குக் காட்டியதன் பொருள் புரியும். 2000 அக்டோபர் 31இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இவரை ஆட்சியாளர்களுக்கும் அரசியலாளர்களுக்கும் பாதுகாவலராக அறிவித்தார். இங்கிலாந்து ஆங்கிலிக்கன் திருச்சபையும் இவரை ஜூலை 6இல் நினைவுகூருகிறது.

நமது கையெழுத்து

அன்புக்குரியவர்களே, ஒருசில வார்த்தைகளைச் சொல்லியிருந்தால் அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் சத்தியம் என்பது கடவுளைச் சாட்சியாக அழைப்பது. அந்த ஒருசில வார்த்தைகளில் தம்மையே இழக்க நேரிடும் என்று அவர் கண்டார்.

நம் முன்னே கொலைமேடை இல்லை. சிறு தாள்கள்தான் இருக்கின்றன. வராத பொருளுக்கு வந்ததாகக் கையெழுத்து, செய்யாத வேலைக்கு முடிந்ததாகக் கையெழுத்து. பள்ளி திறக்கும் சமயங்களில் திருமுழுக்குச் சான்றிதழில் பிறந்த தேதியைச் சற்று மாற்றித் தரும்படி பங்கு இல்லத்துக்கு வந்து கேட்பவர்கள் உண்டு. பிள்ளையின் எதிர்காலம் என்று கண்கலங்குவார்கள். மறுப்பது எளிதல்ல. தேதியை நான் மாற்றியதில்லை. ஆனால் ஒருமுறை, சரியாகத் தெரியாத ஒருவருக்கு, நன்கு தெரிந்தவர் என்று முகத்தாட்சணியத்துக்காக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆண்டுகள் பல ஆகியும் அந்தக் கையெழுத்து என்னை உறுத்துகிறது. ஒவ்வொரு ஜூன் 22ஆம் நாளும் பீடத்தில் மூரின் பெயரைச் சொல்லும்போது அது நினைவுக்கு வருகிறது.

மனச்சான்று என்றால் எனக்குத் தோன்றியபடி நடப்பது என்று இன்று பலர் நினைக்கிறார்கள். மூர் அப்படி நினைக்கவில்லை. பல ஆண்டுகள் படித்து, செபித்து, திருச்சபையின் போதனையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தம் மனச்சான்றை உருவாக்கினார். உருவான பிறகு அதை எவருக்கும் விற்கவில்லை. எவரையும் வெறுக்கவும் இல்லை. சிரித்த முகத்தோடு மறுத்தார்.

நம் பிள்ளைகளுக்கு நாம் எதைக் கொடுத்துவிட்டுப் போகப் போகிறோம்? வீடா, நிலமா, வேலையா? மார்கரெட்டுக்குத் தந்தையிடமிருந்து கடைசியாகக் கிடைத்தது ஒரு பழைய முரட்டுச் சட்டை. அதைவிடப் பெரிய சொத்தை எந்தத் தந்தையும் கொடுக்க முடியாது.

மன்றாடுவோம்: இறைவா, புனித தாமஸ் மூருக்குத் தெளிந்த மனச்சான்றையும் மலர்ந்த முகத்தையும் தந்தீரே. எங்கள் அலுவலகங்களிலும் இல்லங்களிலும் பொய்க்குத் துணைபோகாத துணிவை எங்களுக்கும் தாரும். அஞ்சும் வேளையில் உம் திருமகனின் மேலாடையைப் பற்றிக்கொள்ளும் அருளைத் தாரும். ஆமென்.